பலாப்பழ பன்னும் ஒரு செம்புத் தண்ணீரும்

1.

இந்தக் கதை என் மருமகள் இலக்கியாவின் சமையலறையில் தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் யாரோ செய்துகாட்டியதைப் பார்த்து, மைதாவில் ஈஸ்ட் கலந்து பிசைந்து, உள்ளே வெல்லத்தில் கிளறிய பலாச்சுளையை வைத்து அவள் பன் சுட்டாள். “சூடா சாப்புடுங்க மாமா, ஆறிட்டா நல்லாருக்காது” என்று தட்டை நீட்டினாள். அந்த வாசனையைப் பற்றி முன்பே ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார். பன்னை வாயில் வைக்க என்னால் முடியவில்லை. காரணத்தை வாயால் சொல்லவும் முடியவில்லை. எனவே எழுதுகிறேன். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதுவேன். கதை எழுதுவேனா என்பது வேறு.

முதல் தொடக்கம்: ‘எண்பத்தேழாம் ஆண்டு புரட்டாசியில், இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கத்துச் சாலைகளில் மரங்கள் சாய்க்கப்பட்டபோது...’

இது செய்தித்தாள் வாக்கியம். அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: ‘செல்லியம்மாள் பிசைந்த மாவு, குழந்தையின் கன்னம்போல மெல்ல—’

இதையும் அடித்துவிட்டேன். மாவு மாவைப்போலத்தான் உப்பும். உவமை தேடுகிறவன் எதையோ தள்ளிப்போடுகிறான் என்று மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

2.

செல்லியம்மாள் புதுச்சேரியில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தபோது பன் சுடக் கற்றவர். ஊர் திரும்பியபின், கணவர் பழனி குழைத்துக் கட்டிய களிமண் அடுப்பில் சுட்டார். முந்தைய முறை பிசைந்த மாவில் ஒரு பிடியை ஜாடியில் எடுத்துவைப்பார். அதுதான் அடுத்த மாவைப் புளிக்கவைக்கும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் பலாப்பழத்தை ஆடியிலேயே வெல்லத்தில் காய்ச்சி வைத்துக்கொள்வார்.

சுட்டவை பேருந்தேறிக் கள்ளக்குறிச்சியில் ஒரு தேநீர்க்கடைக்குப் போயின. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் யார் சுட்டதென்ற பேச்சின்றி விற்றன. அவருக்கு ஓர் ஆசை இருந்தது: தம் ஊர்ச் சாலையோரப் புளியமரத்தடியில் தாமே கடை போட வேண்டும், செல்லியம்மாள் சுட்டது என்று தெரிந்தே அந்தச் சாலையில் போவோர் வாங்கித் தின்ன வேண்டும்.

[முதல் வரைவில் செல்லியம்மாளை ‘அவள்’ என்று எழுதியிருந்தேன். அடுத்து வரப்போகும் சடையனுக்கோ எடுத்த எடுப்பிலேயே ‘அவர்’ வந்துவிட்டது. திருத்திவிட்டேன். திருத்தியதை மறைக்கவில்லை.]

3.

அந்தப் புளியமரத்தைத்தான் வெட்டிச் சாலையின் குறுக்கே போட்டார்கள். பேருந்து நின்றது. அதன் நடத்துநர் நாராயணசாமி பின்னாளில் சொல்லித்தான் எனக்கு இவ்வளவும் தெரியும். பயணிகளுக்கும் பசி, மரம் வெட்டியவர்களுக்கும் பசி. கடைக்கு அனுப்ப வழியில்லாத பன்களைக் கூடையில் வைத்துக்கொண்டு செல்லியம்மாள் சாலைக்கு வந்தார்.

“எம்மா, கூடையில இன்னா?” என்றார் சடையன். பக்கத்து ஊரிலிருந்து வந்து வெட்டியவர்களுக்குத் தலைவர் அவர்.

“பன்னுங்க. உள்ள பலாப்பழம் வச்சது.”

“பன்னுக்குள்ள பலாப்பழமா! பேக்கரிக்காரன் கில்லாடிதான்யா. தே செல்லமுத்து, வாடா! கோடாலி புடிக்கச் சொன்னா கை வலிக்குதும்ப, இதுக்கு மட்டும் ஓடியாந்துக்கினு கீற.”

“நீ ஜாஸ்தி துன்னுட்டுக் கம்மியா குடுப்பண்ணா, அதான்” என்றான் செல்லமுத்து. எல்லாரும் சிரித்தார்கள்.

புதுச்சேரிப் பழக்கத்தில் செல்லியம்மாள் ஒவ்வொன்றையும் கையிலேயே எடுத்துக் கொடுத்தார். அவர்களும் கையிலேயே வாங்கினார்கள்.*

* எங்கள் பக்கத்து வழக்கம் அறியாதவர்களுக்கு: பேக்கரியில் சுட்டதை யார் சுட்டது என்று எவரும் கேட்பதில்லை. தண்ணீருக்குக் கேட்பார்கள்.

4.

சடையனைப் பற்றி எனக்கு ஐயம் இருக்கிறது. அவரைக் கொடியவராக எழுதிவிட்டால் கதை எளிதாகிவிடும். நீங்களும் நிம்மதியாகத் தூங்குவீர்கள். ஆனால், வாய் நிறையப் பன்னோடு அவர் பேசியதை நாராயணசாமி கேட்டிருக்கிறார்: “எம் புள்ள பன்னண்டாவது பாஸு. எடமில்லன்ட்டான் காலேஜுல. காலத்துக்கும் வெளியில நிக்கவெச்சுக்கினே இருந்தா இன்னா பண்றது சொல்லு?”

நியாயமான பேச்சு. அந்தக் கோரிக்கையின் பக்கம் நானும் நின்றவன். வெளியே நிறுத்தப்படுவது என்னவென்று அறிந்த மனிதர் அவர். அறிந்தும் அதையே செய்தாரே என்பதுதான் என் ஆத்திரம். அதுவே இந்தக் கதையில் எனக்கு விளங்காத இடமும்.

5.

மாவுப்பண்டம் தொண்டையை அடைத்தது. “தண்ணி இருந்தா ஊத்தும்மா” என்று சடையன் இரண்டு கைகளையும் குவித்து வாயருகே வைத்துக் குனிந்தார்.

செல்லியம்மாள் செம்பை எடுத்தார். சாய்க்கவில்லை.

“எங்க வூட்டுத் தண்ணிங்க. குடிப்பீங்களா?”

“உங்க வூடுன்னா?”

ஏரிக்கரைக்கு அப்பால் இருந்த காலனியை அவர் கை காட்டியது.

“அப்ப... பன்னு?”

“அதுவும் நான் சுட்டதுதாங்க. எங்க வூட்ல.”

குடிப்பீங்களா என்று செல்லியம்மாள் ஏன் கேட்டார்? காலமெல்லாம் கேட்டுப் பழகிய வாய் தானாகக் கேட்டது என்று எழுதலாம். தெரிந்தே தின்ன வேண்டும் என்ற ஆசை கேட்டது என்றும் எழுதலாம். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். எது உண்மையென்று நான்—

(தெரியாததை அழகாக முடிக்கக் கூடாது. இப்படியே கிடக்கட்டும்.)

6.

முடிவுகள்.

அ. சடையன் குடித்தார். பயணிகள் கை தட்டினார்கள். [மேடை நாடகம். தள்ளுபடி.]

ஆ. சடையன் ஆத்திரப்பட்டார்; பயணிகள் குறுக்கே வந்து தடுத்தார்கள். [ஒருவரும் வரவில்லை. நடத்துநர் உட்பட எல்லாரும் வாயைத் துடைத்துக்கொண்டு பேருந்துக்குள் ஏறிவிட்டார்கள்.]

இ. நடந்தது. சடையன் தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தியெடுக்க முயன்றார். வரவில்லை. உள்ளே போனதை வெளியே எடுக்க முடியாத ஆத்திரம் ஏரிக்கரையைத் தாண்டிப் போயிற்று. பொழுது சாய்வதற்குள் செல்லியம்மாளின் கூரைவீட்டைக் கொளுத்தினார்கள். களிமண் அடுப்பு எரியாது. அதைக் கடப்பாரையால் உடைத்தார்கள். ஜாடியில் இருந்த மாவுப் பிடி என்னவாயிற்று என்று யாரும் சொல்லவில்லை. பழனியும் செல்லியம்மாளும் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்துக்குக் கூலி வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதன்பின் அவர் பன் சுட்டதாகத் தகவல் இல்லை.

7.

இதுவரை எழுதியதை இலக்கியாவிடம் கொடுத்தேன். கண் கலங்கத்தான் படித்தாள். நல்ல பெண். படித்துவிட்டுக் கேட்டாள்: “பாவம் மாமா. ஆனா அந்தம்மா ஏன் கேக்கணும்? கம்முனு தண்ணிய ஊத்தியிருந்தா வூடாவது மிஞ்சியிருக்கும்ல?”

கொளுத்தியவர்களிடம் கேட்க வேண்டிய ‘ஏன்’ இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், என் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு, செல்லியம்மாளையே பார்த்துக் கேட்கிறது. பள்ளியில் நான் எதைத்தான் கற்பித்தேன் என்று தெரியவில்லை.

“இன்னா மாமா, முடிவு எழுதலியா?”

எழுதவில்லை. சடையன் கைகளைக் குவித்துக் குனிந்திருக்கிறார். செல்லியம்மாள் செம்போடு நிற்கிறார். இன்னும் கேட்கவில்லை. அவர் பேசாமல் ஊற்றினால் வீடு நிற்கும். பன் மட்டும் என்றைக்கும் பேக்கரிக்காரனுடையதாகவே இருக்கும். கேட்டால் வீடு எரியும். இரண்டில் எதையும் இனி என் கையால் எழுத மாட்டேன்.

மூன்றாவது ஒன்று உண்டு: அவர் கேட்கிறார், கேட்டபின்னும் அந்தக் கைகள் குவிந்தபடியே இருக்கின்றன. அதை நேற்று எழுதினேன். இலக்கணப்பிழை ஒன்றுகூட இல்லை. படித்துப் பார்த்தேன். என்னால் நம்ப முடியவில்லை, கிழித்துவிட்டேன்.

உங்களால் நம்ப முடியுமானால் எழுதிக்கொள்ளுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். தட்டில் பன் ஆறிக் கிடக்கிறது.