விடுதிக் குளியலறையும் அத்தானின் நகமும்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் குறைப்படக் கூடாது.

ஏழு வருடங்களாக என் அக்கா புருஷனிடம் பெயிண்ட் வேலை செய்தேன். அத்தான் காண்ட்ராக்டர். டைல் ஒட்டுவது, பெயிண்ட் அடிப்பது, குழாய் வேலை எல்லாம் எடுப்பார். சுவரைச் சுரண்டுவது, உப்புத்தாள் தேய்ப்பது, ப்ரைமர் என்ற அடிப்பூச்சு பூசுவது என் பங்கு. கடைசிப் பூச்சுக்கு மட்டும் அவர் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வருவார். பாராட்டு அவருக்குப் போகும். "என் கொழுந்தியா நல்லா ஒத்தாசை பண்ணுவா" என்று பெரிய மனதோடு என்னையும் சேர்த்துக்கொள்வார். அந்த ஒத்தாசை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் பெண்கள் விடுதி வேலை வந்தது. பன்னிரண்டு குளியலறைகள், பன்னிரண்டிலும் தரையிலிருந்து கூரை வரை காய்ந்த ரத்தத்தின் நிறத்தில் பழைய டைல். பல்பு எரிந்தாலும் உள்ளே இருட்டுதான்.

"மொத்தத்தையும் உடைச்சிட்டுப் புதுசு ஒட்டணும் மேடம். ரெண்டு மாசம் ஆகும்" என்றார் அத்தான்.

வார்டன் அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "பிள்ளைங்களுக்குப் பரீட்சை வருது. ரெண்டு மாசம் எங்க போய்க் குளிப்பாங்க?"

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அது நானா?

"உடைக்க வேணாம் மேடம். டைல் மேலயே பெயிண்ட் அடிச்சிடலாம்."

அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். "டைல் மேல பெயிண்ட்டா? நாலு சொம்பு தண்ணி ஊத்தினா உரிஞ்சு கையோட வந்துடும்மா. என் நகம் போதும், பிளேடுகூட வேணாம்."

வார்டன் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முதல் ரூமை அடிச்சுக் காட்டுங்க. நின்னுச்சுன்னா மீதி பதினொண்ணும் உங்க பொறுப்பு. உரிஞ்சுதுன்னா இவர் சுத்தியலை எடுத்துட்டு வரட்டும்."

உங்க பொறுப்பு என்றார். ஏழு வருடத்தில் என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. இந்த ஒரு சுவர் நின்றால் நான் தனி ஆள். நிற்காவிட்டால் ஆயுசுக்கும் ஒத்தாசைதான்.

முதல் நாள் சலவைச் சோடா போட்டு டைலைக் கழுவினேன். பிறகு உப்புத்தாளால் தேய்த்தேன். டைலுக்கு அந்தப் பளபளப்புதான் திமிர். அதை அடக்காமல் எந்தப் பெயிண்ட்டும் ஒட்டாது. தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. மாலையில் சுவர் மங்கி, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. அதுதான் எனக்கு வேண்டியது. மறுநாள் காலை ப்ரைமர் அடித்தேன், அதற்கடுத்த நாள் வெள்ளைப் பெயிண்ட். அறை கண் விழித்துக்கொண்டது. விடுதிப் பெண்கள் கதவருகே முண்டியடித்து எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்று நாள் கழித்து அத்தான் வந்தார். குழாய்க்குக் கீழே குனிந்து நகத்தை வைத்து ஒரு கிள்ளு கிள்ளினார். உள்ளங்கை அகலத்துக்கு அப்படியே உரிந்து வந்தது. அதைத் தூக்கிப் பிடித்து வார்டன் அம்மாவிடம் காட்டிவிட்டு என்னிடம் சொன்னார்:

"நான் சொன்னேன்ல? விடும்மா, தெரியாத வேலையில இறங்கினா இப்படித்தான். திங்கக்கிழமை உடைச்சிடலாம்."

அவர் அதைக் கேலியாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன். ஆறுதலாகச் சொல்லித் தொலைத்தார். அவர்கள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது. மொத்தத்தையும் உரித்து எறிந்துவிடுவோம் என்று கையில் சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டு கீழிருந்து தொடங்கினேன்.

இடுப்பு உயரம் வரை உரிந்தது. மார்பு உயரத்திலும் உரிந்தது. என் தலைக்குச் சற்று மேலே போனதும் தகடு நின்றுவிட்டது. அதற்கு மேல் முட்டி மோதினாலும் ஒரு பொட்டு வரவில்லை. நான்கு சுவர்களிலும் அதே உயரத்தில் அதே கதை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன். ஒரே பெயிண்ட், ஒரே கை, ஒரே நாள். மேலே உடும்புப் பிடி, கீழே ஒட்டவே இல்லை என்றால் தப்பு பெயிண்ட்டில் இல்லை.

விடுதியைப் பெருக்கித் துடைப்பவரைப் பெண்கள் சுத்தம் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குள்ளமான, சுறுசுறுப்பான மனுஷி. வெளியே தாழ்வாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நான் தேய்ச்சிட்டுப் போன அன்னைக்கு சாயங்காலம் உள்ள வந்தீங்களா?"

"வந்தேனே! சுவரெல்லாம் வெளிறிப்போய்க் கெடந்துச்சு. பாவம், நாளைக்குப் பெயிண்ட் அடிக்கிற பொண்ணு அழுக்குச் சுவர்லயா அடிக்கணும்னு, தரைக்குப் போடற பாலிஷ் இருக்குல்ல, அதைப் போட்டு நல்லா மினுக்கி வெச்சேன். எக்கி எக்கி, கை எட்டுற வரைக்கும் துடைச்சேன் கண்ணு."

கையைத் தூக்கிக் காட்டினார். விரல் நுனி சரியாக அந்தக் கோட்டில் போய் நின்றது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. குற்றம் என்னுடையது. ப்ரைமர் அடிப்பதற்கு முன் சுவரை விரலால் தடவிப் பார்ப்பது தொழிலின் அரிச்சுவடி. அன்று காலை வாசலில் நின்று நையாண்டி செய்த அத்தானுக்குப் பதில் சொல்லும் மும்முரத்தில் தடவ மறந்தேன். மினுமினுப்பைப் பார்த்தும் ஈரம் என்று நினைத்துவிட்டேன்.

வார்டன் அம்மாவிடம் ஓடி நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். சுத்தம் அக்காவின் மேல் பழி விழாமல் பார்த்துக்கொண்டேன். "பத்து நாள் கொடுங்க மேடம். அதுக்கப்புறம் யார் வேணா சுரண்டட்டும்."

கொடுத்தார். இந்த முறை பாலிஷ் கரையத் தின்னர் விட்டுத் துடைத்தேன், சோடாவால் கழுவினேன், மறுபடி உப்புத்தாள் தேய்த்தேன். ஒவ்வொரு டைலையும், இடுக்கு விடாமல், விரலால் தடவினேன். சறுக்கிய இடத்தில் மறுபடி தேய்த்தேன். சுத்தம் அக்கா வாசலில் காவலுக்கு உட்கார்ந்துகொண்டு வார்டன் அம்மாவைக்கூட உள்ளே விடவில்லை. ப்ரைமர், இரண்டு கோட் பெயிண்ட், பிறகு ஒரு வாரம் சொட்டுத் தண்ணீர் படாமல் காயவிட்டேன். காத்திருப்பதுதான் எனக்குக் கொடுமையான வேலை. அதையும் செய்தேன்.

பத்தாம் நாள் விடுதியே கூடிவிட்டது. நானே இரண்டு வாளி வெந்நீரைச் சுவரில் வீசினேன். பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுத்தேன். டேப் சுத்தமாக வந்தது, ஒரு பொட்டுப் பெயிண்ட்கூட அதில் இல்லை.

"இப்ப நீங்க, அத்தான்."

குழாய்க்குக் கீழே நகத்தை வைத்தார். கிள்ளினார். இடம் மாற்றிக் கிள்ளினார். வண்டிச் சாவியை எடுத்துச் சுரண்டினார். சாவியின் கறுப்புதான் சுவரில் கோடாக விழுந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், அதுவும் போயிற்று. அத்தான் நிமிர்ந்தபோது நகம் ஒன்று உடைந்திருந்தது.

பெண்கள் போட்ட கூச்சலில் காது அடைத்தது. சுத்தம் அக்கா என்னைக் கட்டிக்கொண்டார்.

வார்டன் அம்மா அலுவலக அறைக்குப் போய், பதினோரு குளியலறைகளின் சாவிக்கொத்தோடு வந்தார். பழக்கதோஷம், அத்தானின் கை தானாக நீண்டது. வார்டன் அம்மா அந்தக் கையைத் தாண்டி வந்து சாவியை என்னிடம் கொடுத்தார்.

"எந்த ரூம்ல ஆரம்பிக்கிறீங்க?"

அத்தான் என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்தார்கள். பதில் சொல்ல வேண்டியவள் நான்தான் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

"ரெண்டாவது ரூம், மேடம்" என்றேன். "இன்னைக்கே."