நாரந்தனையில் செம்மண் கண்டவர்

வெள்ளிக்கிழமை பதில் சொல்வதாக நிலாந்தி வசீகரனின் சித்தியிடம் சொல்லியிருந்தாள். "அவர் எங்கட காணியில கிடங்கு வெட்டி வேலையை முடிக்கட்டும். பிறகு சொல்லுறன்" என்பது அவள் சொன்ன வசனம். சித்தி அதைத் தொலைபேசியில் மூன்று தரம் திருப்பிச் சொன்னாள். தேநீர்க் கோப்பையோடு மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கிற காலம் போய், கிடங்கு வெட்ட விட்டுப் பார்க்கிற காலம் வந்துவிட்டதே என்று அவளுக்குக் கவலை.

வசீகரனுக்குக் கவலை இல்லை. வயது முப்பத்தாறு, மண்ணியலில் முதுமாணிப் பட்டம், அரசாங்க உத்தியோகம். மண் பார்க்க வெட்டுகிற குழியான அந்தக் கிடங்குக்குள் இறங்கிவிட்டால் தன்னை வெல்ல ஆளில்லை என்பது அவனுடைய நினைப்பு. கிடங்குக்கு வெளியே நிலைமை அவ்வளவு திறமில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். பேச்சு லேசில் வராது, வந்தால் நிற்காது. போன வருடம் பெண் பார்க்கப் போன வீட்டில் உவர்நிலங்களைப் பற்றி நாற்பது நிமிடம் பேசி, பெண்ணின் தகப்பனைக் கதிரையிலேயே நித்திரையாக்கியவன் அவன். ஆகவே இந்த முறை பெண்ணே கிடங்கு வெட்டச் சொன்னதைத் தெய்வச் செயலாக எடுத்துக்கொண்டான்.

யாழ்ப்பாணத் தீவகத்து மண்வகைகளை வரைபடமாக்கும் வேலைக்காகக் கண்டி அலுவலகத்திலிருந்து அவனை அனுப்பியிருந்தார்கள். வேலணையிலிருந்து தொடங்கிப் பன்னிரண்டு கிடங்கு வெட்டியாயிற்று. பன்னிரண்டிலும் ஒரே கதைதான். மேலே ஒரு முழம் சாம்பல் நிற மணல்மண், அதற்குள் சிப்பித் துண்டுகள். அமிலத் துளி விட்டால் சோடாப் போத்தல் திறந்தது போல் சீறும். அதற்குக் கீழே மண்வெட்டியைத் திருப்பி அனுப்பும் சுண்ணாம்புக்கல். பதின்மூன்றாவது கிடங்கு நாரந்தனையில், நிலாந்தி வீட்டுத் தோட்டத்தில். மாதிரி எடுக்கும் புள்ளி அங்கேதான் விழுந்தது என்று அறிக்கையில் எழுதினான். உண்மையில் விழுந்த இடம் முந்நூறு மீற்றர் தள்ளி ஒரு பனங்காணிக்குள் என்பதை எழுதவில்லை.

ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை. பள்ளிக்கூட விடுமுறை என்பதால், கரம்பொன்னில் கணிதம் படிப்பிக்கிற நிலாந்தி வீட்டில் நின்றாள். தகப்பன் பாலசிங்கம் மூத்த மகளைப் பார்க்க வவுனியாவுக்குப் போயிருந்தார். சோளகக் காற்று வேலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. கூலிக்கு ஆள் பிடிக்கலாம். ஆனால் தன் புயபலத்தை அவள் பார்க்கட்டும் என்று வசீகரன் தானே மண்வெட்டியைத் தூக்கினான். கால் மணித்தியாலத்தில் இரண்டு உள்ளங்கையும் கொப்பளமாகப் பொங்கிவிட்டன. அவள் பார்த்தது அதைத்தான்.

பொங்கிய கையை ஊதிக்கொண்டு குனிந்தவன் அப்படியே நின்றான். கிடங்கின் சுவர் சிவப்பாக இருந்தது.

சாம்பல் கலந்த சிவப்பல்ல. யாழ்ப்பாணத்துத் தோட்ட வெளிகளில் கிடக்கிற அதே கடுஞ்சிவப்பு. நிறப் புத்தகத்தை விரித்து ஒப்பிட்டான். விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தான், களிபோலத் திரண்டது. அமிலம் விட்டான், சீறவில்லை. கடல் மட்டத்திலிருந்து மூன்று மீற்றர் உயரம்கூட இல்லாத, சரிவு என்று சொல்ல ஒன்றுமில்லாத, மழையெல்லாம் ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்து, பிறகு காற்று ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகிற தட்டைத் தீவில், அறுபது சென்ரிமீற்றர் செம்மண்!

அது முடிந்த இடமும் அழகு. கத்தியால் வெட்டின தொதல் இனிப்பைப் போல நேர்கோடு. அந்தக் கோட்டில் நாலு விரல் தடிப்பில் ஒரு கறுப்புப் படை. அதற்குக் கீழே வழக்கமான சாம்பல் மணல், சீறல், கல். இயற்கை அடிமட்டம் வைத்துக் கோடு கீறுவதில்லை என்று முதலாம் வருட மாணவனுக்கும் தெரியும். வசீகரன் முதலாம் வருடத்தைக் கடந்து நெடுநாளாகிவிட்டது. படிவத்தில் 'எல்லை மிகத் தெளிவு' என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டான்.

நிலாந்தி தேநீரோடு வந்தாள்.

"அந்தச் செம்மண்ணைப் பற்றி ஒண்டு சொல்ல வேணும்..."

வசீகரன் சுட்டுவிரலைத் தூக்கினான். கையடக்கத் தொலைபேசியில் குரற்பதிவு ஓடிக்கொண்டிருந்தது. "பொறும், நினைவு அறுந்து போகும்" என்று சைகை காட்டிவிட்டு, கறுப்புப் படையைப் பற்றித் தொடர்ந்து பேசினான். அவள் தேநீரை மண்குவியலில் வைத்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமையும் அவள் வாயெடுத்தாள், விரல் எழும்பியது. புதன்கிழமை விரல் எழும்பவில்லை. அவன் வேகமாகப் பேசியதில் அதற்குத் தேவை வரவில்லை.

"இந்தக் கறுப்பு என்ன தெரியுமோ? பழைய காலத்துத் தரை. அதில நிண்ட தாவரம் புதைஞ்சு கிடக்கு. உருப்பெருக்கியால பாத்தனான், இலை நரம்பு தெரியுது, பனைச் சாதி. குறைஞ்சது ரெண்டாயிரம் வருசம்."

நிலாந்தி அவனையே பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். நாணம் என்று வசீகரன் முடிவு கட்டினான். புதிய மண்வகைக்கு அவள் பெயரையே வைக்கலாமா என்றுகூட யோசித்து, அந்த மகிழ்ச்சியில் பத்துப் படங்களையும் 'தீவகத்தில் இதுவரை அறியப்படாத மண்வகை' என்ற தலைப்பையும், கறுப்புப் படைக்கு வயது இரண்டாயிரம் வருடம் என்ற குறிப்பையும் தன் பிரிவுத் தலைவி யூலியட் மிஸ்ஸுக்கு அனுப்பினான். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தானே நேரில் வருவதாக அவரிடமிருந்து பதில் வந்தது.

வெள்ளி காலை எட்டு மணி பஸ்ஸில் பாலசிங்கம் வந்து இறங்கினார். பையைக்கூட வைக்காமல் கிடங்கடிக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பி, ஆழமா வெட்டியிருக்கிறீர். காய்ஞ்ச பனங்காவோலை உக்கினது வடிவாத் தெரியுது."

"எந்தக் காவோலை?"

"உந்தக் கறுப்பா இருக்கிறது. நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்த கையோட போட்டனாங்கள். முதல்ல காவோலையைப் பரப்பிப்போட்டுத்தான் மேல மண் கொட்டுறது. இல்லாட்டி விடுற தண்ணியெல்லாம் மணலுக்குள்ள ஓடிப்போம். பதினெட்டு லோட் மண். உழவு மெசினில ஏத்தி, பண்ணைப் பாலத்தால கடல் தாண்டிக் கொண்டந்தது."

"எங்கயிருந்து?" என்று கேட்டான் வசீகரன். அந்தக் குரல் அவனுக்கே பழக்கமில்லாத குரலாக இருந்தது.

"உரும்பிராய். பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால ஒராள் வீட்டுக்கு அத்திவாரம் கிண்டினவர்."

வசீகரன் பிறந்து வளர்ந்தது உரும்பிராயில். பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால். அந்த மண்ணில் விழுந்துதான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். அந்த மண் படிந்த வெள்ளைச் சட்டைக்காகத்தான் அம்மாவிடம் அடி வாங்கினான். இப்போது அதே மண்ணை உருப்பெருக்கியால் பார்த்து, உலகம் அறியாத மண் என்று மேலிடத்துக்குப் படம் அனுப்பியிருக்கிறான்.

நிலாந்தி கிணற்றடியில் நின்றாள்.

"நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டான்.

"திங்கள் சொல்ல வந்தனான், விரலைத் தூக்கினீங்கள். செவ்வாய் வந்தனான், அப்பவும் விரல். புதன்கிழமை ரெண்டாயிரம் வருசம் எண்டீங்கள். அப்பாவுக்கே அறுபத்தெட்டுத்தான்." இந்த முறை அவள் சிரிக்கவில்லை. "காலம் முழுக்க விரல் இறங்கும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்க என்னால ஏலாது. சித்திக்கு என்ன சொல்லுறதெண்டு அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன்."

வசீகரன் மணிக்கூட்டைப் பார்த்தான். மிஸ் வர இன்னும் ஒன்றரை மணித்தியாலம். காய்ச்சல் என்று சொல்லலாம். கிடங்கு இடிந்துவிட்டது என்று சொல்லி இடித்தும் விடலாம். பாலசிங்கம் பெருந்தன்மையோடு கிட்ட வந்தார்.

"தம்பி, நான் ஒண்டும் பறையமாட்டன். ரெண்டாயிரம் வருசமெண்டால் ரெண்டாயிரம்தான். பெரிய படிப்புப் படிச்ச ஆக்கள், உங்களுக்குள்ள பேசித் தீத்துக்கொள்ளுங்கோ."

நிலாந்தி கப்பிக் கயிற்றைப் பிடித்தபடி அவன் வாயையே பார்த்தாள். வசீகரன் தலையை மட்டும் ஆட்டி மறுத்தான். பேச வந்தால் நிற்காது என்ற பயம்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. யூலியட் மிஸ் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைப்பதற்குள் வசீகரன் சொல்லிவிட்டான்.

"மிஸ், இது உரும்பிராய் மண். மெசினில வந்தது. கறுப்புப் படை காவோலை. வீட்டுக்காரர் சொல்ல வந்தவை, நான் கேக்கேல்லை. எல்லாம் என்ர மடைத்தனம்."

மிஸ் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார்.

"நான் நெடுந்தீவில பிறந்தனான், வசீகரன். எங்கட வீட்டு மாதுளைக்கு மண் வள்ளத்தில வந்தது. படத்தைக் கண்ட உடனே எனக்கு விளங்கிட்டுது. ஆனா ரெண்டாயிரம் வருசத்துக் காவோலையை நேர பாக்காமல் கண்டியில இருக்க மனம் வரேல்லை."

பாலசிங்கம்கூடச் சிரித்துவிட்டார். வசீகரனும் சிரித்துப் பார்த்தான், முகம் ஒத்துழைக்கவில்லை.

"சரி, படிவத்தை எடும்" என்றார் மிஸ். "மனிசர் கொண்டந்து போட்ட மண்ணும் மண்தான். அதுக்கும் ஒரு வகை இருக்கு, படிவத்தில ஒரு பக்கமும் இருக்கு. ஆனா அந்தப் பக்கத்தைக் கிடங்குக்குள்ள நிண்டு நிரப்ப ஏலாது. வீட்டுக்காரரைக் கேட்டு எழுதும்." சொல்லிவிட்டு, பாலசிங்கம் வெட்டிக் கொடுத்த இளநீரோடு மற்றக் கிடங்குகளைப் பார்க்கப் புறப்பட்டுப் போனார்.

வசீகரன் குப்புறக் கிடந்த வாளியில் உட்கார்ந்து கேட்டான். நிலாந்தி சொல்லச் சொல்ல எழுதினான். கிணற்றுத் தண்ணீர் ஆனி கடைசியில் உவர்க்கத் தொடங்கும். அந்தத் தண்ணீரையே விட்டால் புரட்டாதியில் வரம்போரம் உப்பு வெள்ளையாகப் பூக்கும்; பிறகு ஒரு மாரி மழை அதைக் கழுவும். வேலிக்கு அந்தப் பக்கத்துச் சாம்பல் மண் மூன்றாம் நாள் காய்ந்துவிடும். இந்தச் செம்மண் ஏழு நாள் தாங்கும். ஆனால் வருடத்துக்கு வருடம் அதுவும் மெலிகிறது. முதலில் மண்வெட்டிப் பிடிவரைக்கும் இருந்தது. காற்று கொஞ்சம், வெங்காயத்தோடு ஒட்டிக்கொண்டு சந்தைக்குப் போவது கொஞ்சம். பன்னிரண்டு கிடங்கில் அவன் படிக்காததை அவள் ஒரு மணித்தியாலத்தில் சொல்லி முடித்தாள். அத்தனை நேரமும் வசீகரன் வாய் திறக்கவில்லை. அவன் வாழ்க்கையில் அது ஒரு சாதனை. அதைப் பற்றியும் அவன் ஒன்றும் பேசவில்லை.

பிறகு கிடங்கை மூட இறங்கினான். உள்ளே நின்றபடியே, கரையில் குவிந்திருந்த மண்ணை மண்வெட்டியால் இழுத்து விழுத்தினான். நிலாந்தி குவியலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"சாம்பல் மண்ணை முதல்ல போடவோ? பழைய ஒழுங்கில..."

"எப்பிடியும் போடுங்கோ. இன்னும் இருபது வருசத்தில வேற ஒராள் வந்து கிண்டி, என்னவோ கண்டுபிடிச்சிட்டன் எண்டு துள்ளட்டும்."

"பாவம். அந்தாளுக்கு ஆர் சொல்லுறது?"

"நாங்கள் இருப்பம்தானே. ரெண்டுபேருமாச் சொல்லுவம்."

"ஓம், அதுவும் சரிதான்" என்று சொல்லி வசீகரன் மேலும் மூன்று தரம் மண் இழுத்தான். நாலாவது தரம் மண்வெட்டி பாதியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தான். அவள் முகத்தை வேலிப்பக்கம் திருப்பியிருந்தாள்; காது சிவந்திருந்தது.

துள்ளி வெளியே வரப் பார்த்தான். கால் வரவில்லை. தன்னைச் சுற்றித் தானே முழங்கால்வரை மண்ணைப் போட்டு மூடியிருந்தான்.

"அசையாமல் நில்லுங்கோ" என்று நிலாந்தி எழும்பி வந்து, பாவாடைக் கரையை ஒரு கையால் சொருகிக்கொண்டு மற்றக் கையை நீட்டினாள். "பலமாப் பிடியுங்கோ. கை பொங்கினது நோகும், பரவாயில்லை."