வேண்டாம் இல்லாத பலகை

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். படியில் தொங்குகிறவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடுவார். பக்கவாதம் வந்து அந்த வாயை அடைத்தது. தலையைக்கூட ஆட்ட முடியாது. இடது கையில் இரண்டு விரல்தான் மிச்சம்.

ஆஸ்பத்திரியில் ஒரு பலகை கொடுத்தார்கள். பதினாறு படம். தொட்டால் தேன் ஒழுக அதுவே பேசும்: தண்ணீர், வலி, சரி, நன்றி. ‘வேண்டாம்’ மட்டும் இல்லை. கேட்டதற்கு, நோயாளிகள் மருந்தையெல்லாம் வேண்டாம் என்கிறார்களாம், அதனால் அதை எடுத்துவிட்டு ‘பிறகு’ வைத்தார்களாம். எந்தப் புண்ணியவான் யோசித்தானோ.

நாங்களாக ஒரு வழி செய்துகொண்டோம். ‘பிறகு’வை மூன்று தடவை தொட்டால் வேண்டாம். விடாமல் தொட்டால் திட்டுகிறார். முதல் மாதம் தினமும் திட்டினார். அப்புறம் அதுவும் குறைந்தது. ஊட்டினால் நன்றி, துடைத்துவிட்டால் நன்றி. மனுஷன் எவ்வளவு சாதுவாகிவிட்டார் என்று வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். சண்டை போட்டே குடும்பம் நடத்தியவள் நான். இந்தச் சாது யாரென்றே தெரியவில்லை.

என் முதுகு போய்விட்டது என்று வெளியூரில் இருக்கும் மகன் முதியோர் இல்லத்துக்கு எழுதிப் போட்டான். புதன்கிழமை அங்கிருந்து ஒரு அம்மாள் வந்தார். நோயாளியே பலகையில் சொன்னால்தான் சேர்த்துக்கொள்வார்களாம்.

“ஐயா, எங்க இல்லத்துக்கு வர்றீங்களா?”

பிறகு. பிறகு. பிறகு.

“அவசரமில்லய்யா. திங்கக்கிழமை வச்சுக்கலாம்” என்று சிரித்தபடி குறித்துக்கொண்டார்.

விரல் நிற்கவில்லை. பிறகு, பிறகு என்று தேன் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. கண் என்மேலேயே இருந்தது. அந்தப் பாஷை தெரிந்தவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

“வேற ஏதாவது சொல்றாராம்மா?” என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார்.

அன்று காலைதான் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க முடியாமல் தரையில் உட்கார்ந்து அழுதிருந்தேன்.

“இல்லம்மா. அவ்வளவுதான் சொல்றார்.”

விரல் நின்றது.

இன்றைக்கு வெள்ளி. அதற்கப்புறம் அவர் பலகையைத் தொடவே இல்லை. தாகம் எடுத்திருக்கும் என்று நானே நினைத்து, நானே வாயைத் திறந்து ஊற்றுகிறேன்.