கட்டைவிரலில் தங்கிய ஏரி

“உன் கட்டைவிரல் ரேகை எங்கேம்மா போச்சு?” என்று அடையாள அட்டைக்கு மை ஒற்றிய எழுத்தர் ஒருமுறை மாலிஸிடம் கேட்டார். “ஏரியில கிடக்கும் சார். வேணும்னா இறங்கித் தேடுங்க,” என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அவள் சொன்னது உண்மைதான். புனோம் பென் நகரின் நடுவிலிருந்த அந்த ஏரியில் பதினெட்டு வருடம் படகில் குந்தி, வள்ளைக்கீரைத் தண்டை நகத்தால் கிள்ளிக் கிள்ளி விரல் வழுவழுப்பாகியிருந்தது. தேய்ந்த ரேகைகள் தண்ணீருக்குப் போய்விட்டன. காற்றில்லாத நாளில், ஏரியில் நின்ற அவள் வீட்டின் மரக்கால்களைச் சுற்றி எழும் அலைகள் அவள் ரேகையைப் போலவே இடப்பக்கம் சுழித்து, நடுவில் அவள் கட்டைவிரலின் பழைய அரிவாள் தழும்போடு தெரியும். கீரை வாங்க வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்குவார்கள்.

ஏரியை ஒரு கம்பெனிக்குக் கொடுத்தார்கள். ஆற்றிலிருந்து குழாய் போட்டு மணலைக் கொட்டினார்கள். நீர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம் வட்டார அலுவலகத்து அதிகாரி வன்னாக் வீட்டுக்கொரு மூட்டை அரிசி கொடுத்தார். எந்தத் தாளை நீட்டினாலும் சிவப்பு மையில் விரல் வைத்துப் பழகியவர்கள் அன்றும் வைத்தார்கள். முதல் தாளைப் புரட்டி அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. அரிசி தீர்வதற்குள் தெரிந்துவிட்டது, அது வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்று. நூற்றுப் பன்னிரண்டு விரல்களில் மாலிஸுடையது மட்டும் ரேகையில்லாத சிவப்புப் பொட்டாக இருந்ததால், செல்லாது என்று மேலிடம் திருப்பி அனுப்பியது.

மற்ற வீடுகளைப் பிரித்து லாரிகளில் ஏற்றினார்கள். ஏரி குறையக் குறைய மாலிஸின் கட்டைவிரல் ஈரமாகிக்கொண்டே வந்தது. தை மாதத்தில் அதிலிருந்து நீர் சொட்டியது. ஒருநாள் சோற்றுத் தட்டில் விரலளவு கெண்டைக்குஞ்சு ஒன்று விழுந்தது. அவள் அதைச் சட்டியில் விட்டுவிட்டுச் சாப்பிட்டு முடித்தாள்.

அவள் கணவன் தாரித் அதே அலுவலகத்தின் வாசல் காவலாளி. “உன் பொண்டாட்டி விரல் வரலைன்னா நாளைலேர்ந்து நீ வாசலுக்கு வரவேணாம்,” என்றார் வன்னாக்.

“ஒரே ஒரு விரல்தானேடி,” என்றான் தாரித், வீட்டுக்கு வந்து.

“ஒரே ஒரு வீடுதானேய்யா,” என்றாள் மாலிஸ். “நீ வாசல்ல நிக்கிறதுக்கு நான் என் வாசலை விடணுமா?”

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மணல் மேல் வீடு இடிக்கும் இயந்திரம் வந்து நின்றது. வன்னாக் உள்ளே வந்து சம்மணமிட்டு உட்கார்ந்து தாளை விரித்தார். “ரேகை இல்லாட்டியும் பரவாயில்லை. புருஷன் கையைப் பிடிச்சு வச்சா சாட்சியாச்சு.”

தாரித் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

“விடுய்யா.”

“எனக்கு வேற வழி தெரியலடி.”

“விடுன்னு சொல்றேன்ல!”

தன் நான்கு விரலும் அவள் தோலில் பதிய இறுக்கி, மையில் தோய்த்து, தாளில் அழுத்தினான். ரேகை விழுந்தது. இடப்பக்கச் சுழி, நடுவில் தழும்பு, ஒன்றும் குறையவில்லை. வன்னாக் தாளை எடுக்கக் கை நீட்டுவதற்குள் அந்தச் சுழி தாளைத் தாண்டிப் பரவியது. பாயைக் கடந்து, பலகை இடுக்கு வழியே இறங்கி, மணலைக் கரைத்தது. பத்து நிமிடத்தில் வீட்டைச் சுற்றி எண்பது அடிக்கு ஏரி நின்றது. இயந்திரம் கழுத்தளவு மூழ்கியது. வன்னாக்கும் தாரித்தும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நீந்திப் போனார்கள்.

மூன்று வருடம் அங்கே மணல் கொட்டிப் பார்த்தார்கள். கொட்டியது மறுநாள் இருக்காது. பிறகு வரைபடத்தில் குளம் என்று எழுதி, சாலையை வளைத்துப் போட்டுக்கொண்டார்கள். மாலிஸ் பழையபடி கீரை கிள்ளினாள். விரல் காய்ந்துவிட்டது.

தாரித்துக்கு வேலை போகவில்லை. வீட்டுக்குத் திரும்பாமல் அலுவலகத்திலேயே படுத்துக்கொண்டான். நான்காம் வருடத் திருவிழா அன்று காலையில் அவன் கரைக்கு வந்து நின்றதைப் பார்த்து, மாலிஸ் படகை அவன் பக்கம் தள்ளிவிட்டாள். படகு அவன் முழங்காலில் வந்து இடித்தது. ஏறக் கால் தூக்கியவன் தண்ணீரைப் பார்த்தான். காற்றில்லை. வீட்டைச் சுற்றி அலைகள் இடப்பக்கம் சுழித்து, நடுவில் தழும்போடு இருந்தன. தழும்புக்கு அப்பால், முன்பு இல்லாத நான்கு விரல் தடங்கள், இறுக்கிப் பிடித்தபடி.

“என்ன பாக்குற? அது அப்பலேர்ந்து அங்கதான் இருக்கு,” என்றாள் மாலிஸ், கீரைக்கட்டைக் கட்டியபடி.

அவன் காலைக் கீழே வைத்தான். படகை அவள் பக்கமே மெல்லத் தள்ளிவிட்டு, சாலை வளைவில் நடந்து போனான்.