முப்பத்தேழாவது தலை

லத்தி விழுந்த இடுப்பு, உட்காரும்போது சுளீரென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மெய்லின் பந்தியில் சம்மணம் போட்டாள். பக்கத்தில் ஏழு வயது மகள் இசைவாணி. எதிர் வரிசையில் புருஷன் தனசேகரன்.

எண்பத்தேழில் சாதிச் சங்கத்தார் இடஒதுக்கீடு கேட்டுப் புளியமரங்களை ரோட்டில் சாய்த்து மறித்தார்கள். ஜெயிலுக்குப் போய்த் திரும்பியவர்களுக்கு மணலூர்பேட்டையில் சங்கம் வைத்த விருந்து இது.

தனசேகரன் கல்கத்தாவில் தோல் பதனிடும் வேலைக்குப் போய், அங்கிருந்த சீனக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தவன். அவள் பேசுவது ஹக்கா என்ற சீன பாஷை. மாமியார் பெரியம்மாளுக்கு அது தவளைக் கத்தல், வீட்டுக்குள் கூடாது. எட்டு வருஷமாக மெய்லினுக்குச் சோறு மாட்டுக்கொட்டகையில்தான்.

போராட்டத்துக்கு முன் சங்கத்துத் தெய்வசிகாமணி தலைக்கணக்கு நோட்டோடு தனசேகரனிடம் வந்தார்.

"எத்தினி தலைடா?"

"மூணு மாமா. சீனாக்காரிய சேத்தா நாலு."

"இன்னாடா சீனாக்காரி? மருமவடா! வாம்மா, நீ நம்ம சாதி. ரோட்டுக்கு வா. இனிமே பந்தில ஒனக்கும் ஒரு எலை. நான் சொல்றேன்."

அதை நம்பித்தான் ரோட்டுக்கும் ஜெயிலுக்கும் போனாள்.

இப்போது அதே தெய்வசிகாமணி குனிந்தார். "சீனாக்காரி, வெளியூர் சம்பந்திங்க வந்துகீறாங்க. நீ புள்ளைய இட்டுக்கினு கொட்டாய்க்குப் போ."

பெரியம்மாள் இரண்டு இலைகளையும் உருவினாள். தனசேகரன் சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"மாமா, நோட்டுல நான் எத்தினாவது?" என்றாள் மெய்லின்.

"முப்பத்தேழு. அதுக்கு இன்னா இப்ப?"

"அத அடிச்சிடுங்க. எழுந்துக்கறேன்."

"அந்தக் கணக்கு மெட்ராசுக்குப் போயிட்ச்சிம்மா. அடிக்க முடியாது."

"அப்ப தலை உள்ள, வாயி மட்டும் வெளியவா?"

யாரோ சிரித்து, சட்டென்று அடக்கிக்கொண்டார்கள். மெய்லின் எழுந்தாள். பந்தி முழுக்கக் கேட்கும்படி மகளிடம் கேட்டாள்: "சித் பாவ் மாங்?"

அவள் ஜனங்கள் ஒருவரையொருவர் பார்த்ததும் கேட்பது அதுதான்: சாப்பிட்டாயா?

"மாங்," என்றாள் இசைவாணி, அதைவிடச் சத்தமாக. இன்னும் இல்லை.

பாஷை தெரியாதவர்களுக்கும் புரிந்தது. பிசைந்த கைகள் நின்றன. தனசேகரன் கை மட்டும் நிற்கவில்லை.

அம்மாவும் மகளும் வீட்டுக்குப் போய், அடுப்படியிலேயே உலை வைத்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பேச்செல்லாம் ஹக்காவில்.

இரண்டு வருஷத்தில் இருபது சதவீத இடஒதுக்கீடு வந்துவிட்டது. தெய்வசிகாமணிக்கு மாலை போட்டார்கள். எண்ணிக் கொடுத்த தலைகளில் முப்பத்தேழாவதும் அடக்கம்.

அவர் சொன்ன அந்த ஒரு வாழையிலை மட்டும் அவளுக்கு இன்னும் பாக்கி.