பித்தளைப் பொத்தான்

நீக்கிலாஸ் தன் தமையன் செல்வரட்ணத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்த காசு ஆறாயிரத்து நானூற்று ஐம்பது குறோணர். அவனுடைய அடக்கத்தன்று காலை தமையன் அதைக் கேட்டு வரவில்லை. கையில் ஒரு கோட் சூட்டோடு வந்தார். சலவைக் கடைக்காரன் போட்ட பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றவில்லை.

மேரிசெலின் குசினி மேசையில் புருசன் நீக்கிலாஸின் கறுப்பு வேலைச்சட்டையை விரித்துப்போட்டு, பிரஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு ஞாயிறும் செய்த வேலைதான். எவ்வளவு தேய்த்தாலும் சட்டைக்கையின் மடிப்பில் இருக்கும் கரி மட்டும் போகாது.

"உதை வைச்சிட்டு இதை எடு, பிள்ளை. என்ரை அளவுதான் அவனுக்கும்."

"அவருக்கு உடுப்பு இருக்கு, பெரியத்தான்."

"எது? இந்தக் கரிச்சாக்கோ?"

"ஓம். இந்தக் கரிச்சாக்குத்தான்."

செல்வரட்ணம் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். டென்மார்க்கின் ஒடென்சே நகரில் முதல் வந்து இறங்கிய தமிழர்களில் அவர் ஒருவர். கப்பல் கட்டுமிடத்தில் களஞ்சியக் கணக்குப் பார்க்கிறவர். மேரிசெலினை ஊரிலிருந்து கூப்பிட ரிக்கற் காசு கொடுத்ததும் அவர்தான். நீக்கிலாஸ் இறைச்சித் தொழிற்சாலையில் நின்ற காலம்வரைக்கும் அந்தக் கடன் மாதாமாதம் கரைந்துகொண்டு வந்தது. பிறகு முப்பத்தெட்டு வயதில் அந்த வேலையை உதறிவிட்டு, புகைபோக்கி கூட்டுகிற கடை வைத்திருந்த மெஸ்டர் ஒருவரிடம் லேர்லிங்காய்ப் போய்ச் சேர்ந்தான். வேலை பழகுகிறவனுக்கு என்ன பெரிய சம்பளம்? கடன் அப்படியே நின்றுவிட்டது.

"ஊரிலை எங்கடை வளவு கூட்டவே ஆள் வைச்சிருந்தம். நீ வெள்ளைக்காரன்ரை அடுப்புக் கூட்டப் போறியோ?" என்று அன்றைக்குத் தமையன் குதித்தார்.

நீக்கிலாஸ் சிரித்தான். "கூரையிலை ஏறி நிண்டா ஒருத்தனும் என்னைக் குனிஞ்சு பாக்கேலாது, அண்ணை."

மூன்றரை வருடம் பழக்கம். அதற்குள் கிழமைக் கணக்கில் பள்ளிக்கூடமும் உண்டு. பதினாறு வயதுப் பெடியள் நடுவில் அவன் ஒருத்தன்தான் நரை விழுந்தவன். கடைசியில், முழுத் தொழிலாளியாக்குகிற ஸ்வென் சோதினை: புகைபோக்கி கூட்டிக் காட்டவேண்டும், கொதிகலனின் புகையை அளக்கவேண்டும், நெருப்புச் சட்டங்களை டெனிஷில் எழுதவேண்டும். தை மாதம் கூட்டினதும் அளந்ததும் சரி, எழுத்தில் விழுந்துவிட்டான். வாத்தியார் இரக்கப்பட்டு, வாயால் சொன்னாலும் போதும் என்றார். இவன் மாட்டேன் என்றுவிட்டான். "நாளைக்கு எவனும் 'உனக்குச் சும்மா தந்தது' எண்டு சொல்லக்கூடாது, செலின்." மறுபடி எழுத நாள் கொடுத்தார்கள், வருகிற வியாழன். போன ஞாயிறு பூசைக்குப் போய்வந்து, சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தவன் நிமிரவில்லை. நெஞ்சடைப்பு.

"நான் ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்திலை நாலு சொல்லுக் கதைக்கவேணும்," என்றார் செல்வரட்ணம். "தம்பி ஹீட்டிங் கொம்பனியிலை எண்டுதான் சனத்துக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். பெட்டிக்குள்ளை இந்தக் கோலத்திலை கிடந்தானெண்டா என்ரை முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

"அது உங்கடை முகம். நீங்கள்தான் இடம் பாக்கவேணும்."

தமையனுக்குக் கோபம் வந்தது; அடக்கிக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். "இஞ்சை பார். இந்தச் சூட்டைப் போட்டுவிடு. அந்த ஆறாயிரத்துச் சொச்சத்தை நான் மறந்திடுறன்."

பிரஷ் நின்றது.

"சொச்சமில்லை, பெரியத்தான். ஆறாயிரத்து நானூற்று ஐம்பது. இண்டைக்கே தருவன்."

சட்டையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பஸ்ஸுக்கு இறங்கினாள். அவருடைய காரில் ஏறவில்லை.

சிற்றாலயத்தின் பின்னறையில், நீக்கிலாஸுக்கு வேலை பழக்கின மெஸ்டர் கினூத் காத்து நின்றார். ஆறடி மனிதர், அழுது மூக்குச் சிவந்திருந்தது. இருவருமாகத் தூக்கிப் பிடித்துச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். அவருடைய கடையில் ஒரு வழக்கம்: லேர்லிங்குக்குக் கறுப்புப் பொத்தான், சோதினை பாஸ்பண்ணி ஸ்வென் ஆனவனுக்குப் பித்தளைப் பொத்தான். மெஸ்டர் சட்டைப்பையிலிருந்து ஒரு பிடி பித்தளைப் பொத்தானை எடுத்தார். ஊசியும் நூலும் கொண்டு வந்திருந்தார்.

"வியாழக்கிழமை அவன் பாஸ்பண்ணியிருப்பான். எனக்குத் தெரியும்," என்றார்.

மேரிசெலினுக்குக் கை நீண்டது. ஒரு பொத்தானை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். மெஸ்டர் அதைக் கண்ணாடி போல மினுக்கியிருந்தார். பிறகு அவருடைய கையிலேயே திருப்பி வைத்தாள்.

"சோதினை எழுதேல்லை," என்றாள் தனக்குத் தெரிந்த டெனிஷில். "கறுப்பே இருக்கட்டும்."

மெஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். பொத்தான்களைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சனம் வந்தது. தமிழ்ச் சனம் வெள்ளைப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது, ஒருவரை ஒருவர் பார்த்தது, தலையைக் குனிந்தது. செல்வரட்ணம் கிட்டப் போய், தம்பியின் கைகளை விலக்கிச் செபமாலையைச் சுற்றி வைத்தார். மாலை இரண்டுதரம் சட்டைக்கைக்குள் வழுகியது. இரண்டுதரமும் விரலை மடிப்புக்குள் விட்டு எடுத்தார். பிறகு நிமிர்ந்து, எழுதி வந்த கடதாசியை விரித்துத் தொண்டையைச் செருமினார்.

"என்ரை தம்பி இஞ்சை ஒரு ஹீட்டிங் கொம்பனியிலை..."

"புகைபோக்கி கூட்டினவர்."

மேரிசெலின் சத்தம் போடவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"பிள்ளை, பேந்து கதைப்பம்."

"புகைபோக்கி கூட்டப் பழகினவர். ஸ்வென் சோதினை முடிக்கேல்லை. வாற வியாழன் எழுத இருந்தவர். நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுறன்." சொல்லிவிட்டு அதையே டெனிஷில் இன்னொருதரம் சொன்னாள். பின்வரிசையில் கறுப்புச் சட்டையோடு நின்ற கூட்டுகாரர் எல்லாரும் நிமிர்ந்து நின்றார்கள்.

செல்வரட்ணம் கடதாசியைப் பார்த்தார். பிறகு அதை மடித்து வைத்துவிட்டுச் செபத்தைத் தொடங்கினார்.

மூடுவதற்கு முதல், ஒரு டெனிஷ் கிழவி ஊன்றுகோலோடு வந்து, நீக்கிலாஸின் கறுப்புப் பொத்தானில் ஒரு விரலை வைத்து எடுத்தாள். வருடத்தில் இரண்டுதரம் அவன் கூட்டின வீட்டுக்காரி. புகைபோக்கி கூட்டுகிறவனைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்பது அந்த நாட்டு நம்பிக்கை.

"உவள் என்ன செய்யிறாள்?" என்று கேட்டார் தமையன்.

பெட்டியை ஒரு பக்கம் கூட்டுகாரரும் மறுபக்கம் உறவுக்காரரும் தூக்கினார்கள்.

மண் போட்டபிறகு கோயில் மண்டபத்தில் கோப்பியும் பாணும் கொடுத்தார்கள். அவள் கைப்பையைத் திறந்து காசை எடுத்து மேசையில் வைத்தாள். பாதி, அவன் பாஸ்பண்ணினால் ஊரெல்லாம் கூப்பிட்டு ஆட்டுக்கறி போட பிஸ்கற் ரின்னுக்குள் சேர்த்தது. மீதி, அவள் வேலைசெய்யும் தொழிற்சாலையில் கிடைத்த லீவுக்காசு.

"எண்ணுங்கோ, பெரியத்தான்."

"சாவீட்டிலை காசோ? விடு, பிள்ளை. நான் மறந்திட்டன்."

"நான் மறக்கேல்லை. எண்ணுங்கோ."

சுற்றிவரச் சனம் பார்த்தது. செல்வரட்ணம் பெருவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு தாளாய் எண்ணினார். களஞ்சியக் கணக்குக்காரர், பிழை வராது.

"சரியோ?"

"சரி."

"அவரின்ரை கடன் முடிஞ்சுது."

அவர் கொண்டுவந்து கொளுவியில் தொங்கவிட்டிருந்த சூட்டை அவளே எடுத்து, உறை கசங்காமல் அவர் கையில் கொடுத்தாள். அவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு மண்டபத்தின் நடுவால் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தபடி நடந்தார். அவருடைய கீழ்உதட்டில் பெருவிரல் அகலத்துக்குக் கரி இழுபட்டிருந்தது.

மேரிசெலின் கண்டாள். துடையுங்கோ என்று சொல்லவில்லை. கோப்பி ஆறமுதல் இரண்டு மிடறு குடித்தாள்.