கல்லீரலுக்குக் கை தூக்கிய குடும்பம்

லிப்ட் மெக்கானிக் வீட்டில் எதையும் கை தூக்கித்தான் முடிவு செய்வார்கள். சுவருக்கு என்ன நிறம், மகளுக்கு என்ன படிப்பு, எல்லாமே ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் ஓட்டுக்கு வரும். சமமாக விழுந்தால் அடுத்த ஞாயிறு. யாரைப் பற்றிய பேச்சோ, அவருக்கு மட்டும் ஓட்டில்லை. மகன் பைக் கேட்டு நச்சரித்தபோது மெக்கானிக்கே போட்ட சட்டம் இது. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறோம் என்று அன்றைக்கு மனுஷனுக்குத் தெரியுமா என்ன?

அவர் கல்லீரலின் ஓரத்தில் புற்றுநோய்க் கட்டி. "சின்னதுதான். நாலு துளை போட்டு, கேமரா விட்டே எடுத்துடலாம். வயித்தத் தொறந்தும் எடுக்கலாம். சீக்கிரம் முடிவு சொல்லுங்க" என்றாள் சர்ஜன். மெக்கானிக்கின் மனம் துளைக்குத்தான் ஏங்கியது. ஆனால் ஓட்டில்லாதவர் வாய் திறக்கக் கூடாதே.

மனைவியும் மகளும் துளைக் கட்சி. மகனும் மச்சினனும் திறப்புக் கட்சி.

"மூடி வச்சுத் துழாவுனா எதையாவது மிச்சம் விட்ருவாங்கக்கா" என்றான் மச்சினன்.

"ஆமா, நீ பெரிய சர்ஜன். வயித்த அலமாரி மாதிரித் தொறந்து போட்டா அவரு எந்திரிச்சு நடமாட எத்தன நாளாகும்?" என்றாள் மனைவி.

ஒரு ஞாயிறு, மகள் தர்பூசணியில் நாலு துளை போட்டு, டார்ச் அடித்து, இடுக்கியால் ஒரே ஒரு விதையை எடுத்துக் காட்டினாள். மச்சினன் அதே பழத்தைப் பிளந்து மிச்ச விதைகளைக் காட்டினான். ரெண்டுக்கு ரெண்டு. அப்புறம் எல்லாரும் பழத்தைச் சாப்பிட்டார்கள். மெக்கானிக் தன் துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

இப்படியே ரெண்டு மாதம் ஓடியது. பொறுத்துப் பார்த்த சர்ஜன் மறுபடி ஸ்கேன் எடுக்க வைத்தாள். குடும்பமே அவள் அறையில் போய் நின்றது.

"கட்டி வளந்து பெரிய ரத்தக்குழாய்கிட்டப் போயிடுச்சு. இனிமே துளை சரிப்படாது. தொறந்துதான் ஆகணும்."

திறப்புக் கட்சி ஜெயித்துவிட்டது. மகன் சுவரைப் பார்த்தான். மச்சினன் அப்படியே தரையில் உட்கார்ந்து, "நான் தோத்துத் தொலைஞ்சிருக்கலாமே மாமா" என்று அழுதான்.

மெக்கானிக்குக்குப் பயம் வந்தது. கோபமும் வந்தது, முக்கால்வாசி தன் மேலேயே. அதற்குள் மனைவி பழக்க தோஷத்தில் மெல்லக் கையைத் தூக்கினாள். மகளும் தூக்கினாள், பிறகு மகன்.

"எல்லாரும் கையக் கீழ போடுங்க" என்றார் அவர். "டாக்டரம்மா, என்னைக்கு வந்து படுக்கணும்னு எங்கிட்டச் சொல்லுங்க."